அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் உங்கள் போன் அடிக்கிறது

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் 22 வருடமாக இருக்கிறோம். நான் சென்னை மாம்பலத்தில் வளர்ந்தவள். என் மகள் இங்கேயே பிறந்தவள், வயது 20, கல்லூரியில் மூன்றாம் வருடம். ஒரு செமஸ்டர் படிக்க ஜனவரி கடைசியில் ஸ்பெயினில் செவில் நகரத்துக்குப் போயிருக்கிறாள். தனியாக இருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறாள். மதியச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணிக்கு. ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. வீடு ஐஸ் மாதிரி இருக்கிறதாம். குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டுகிறாராம். வெறுங்காலோடு நடந்தால் சத்தம் போடுகிறாராம். விளக்கை அணை, துணியைக் கொடியில் காயப்போடு, மத்தியானம் நான் தூங்கும்போது சத்தம் கூடாது என்கிறாராம். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தால் முகம் சுளிக்கிறாராம். மிரட்டுகிற மாதிரி பேசுகிறாராம். முட்டை தவிர மற்றபடி சைவம் என்று எழுதிக் கொடுத்தும் பருப்பு சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு. காலையில் ஆபீஸ் கிளம்பும்முன் எட்டரைக்கும், திரும்பி வந்ததும் நாலு மணிக்கும் தினம் பேசுகிறேன். பாதி நாள் அழுகைதான். வீடு மாற்றச் சொல்லட்டுமா, கிளம்பி வந்துவிடு என்று சொல்லட்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது பன்றி இறைச்சியும் இல்லை, குளிரும் இல்லை. நீங்கள் போன் பண்ணும் நேரம். கொலம்பஸுக்கும் அந்த ஊருக்கும் 6 மணி நேர வித்தியாசம். உங்களுக்குக் காலை எட்டரை என்றால் அங்கே மதியம் இரண்டரை. உங்களுக்கு மாலை நாலு என்றால் அங்கே ராத்திரி பத்து. அந்த வீட்டில் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கி மேசைக்கு வருகிற இரண்டு வேளையும் சரியாக உங்கள் மகளின் போன் அடிக்கிறது. அவள் என்ன செய்வாள்? தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள், இல்லையென்றால் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். அந்த அம்மாள் டிவியைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார்.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் அதுதான், சரி. ஆனால் அமெரிக்க மாணவர்களை ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு அனுப்பும் அலுவலகத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். ஸ்பெயினில் ஒரு வீட்டில் தங்கும் பிள்ளைக்கு அந்த ஊர் பிடிபடுவது வகுப்பறையில் இல்லை, சாப்பாட்டு மேசையில்தான் என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பேசுவதற்கு அவர்களிடம் சொப்ரெமெசா என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. நம் பாட்டி வீட்டில் சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்களே, அதேதான். அரை மணியும் போகும், இரண்டு மணியும் போகும். இலக்கணப் புத்தகத்தில் இல்லாத ஸ்பானிஷ் அங்கேதான் காதில் விழும். யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கடையில் ஏமாற்றுவான், எந்த பஸ் நேரத்துக்கு வராது, எல்லாம் அங்கேதான் தெரியும். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை கிடைக்கிற இந்த வாய்ப்பு இரண்டு முறையும் தவறிப்போகிறது.

முதலில் ஊர்ப்பெயர். நாம் ஆங்கிலத்தைப் பார்த்து செவில் என்கிறோம். ஊர்க்காரர்களுக்கு அது செவியா. இனி அப்படியே எழுதுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி நீங்கள் பதறவே வேண்டாம். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஜெர்மனி இருக்கிற நேரத்தோடு சேர்த்தது. அப்புறம் பழையபடி மாற்றவே இல்லை. செவியாவோ கிரீன்விச்சுக்கும் மேற்கே இருக்கிறது. அதனால் பிப்ரவரியில் அங்கே உச்சிவெயில் கடிகாரப்படி ஏறக்குறைய 1:40க்குத்தான் வரும். கோடையில் இரண்டரைக்கு வரும். அவர்கள் மதியச் சாப்பாட்டை மதியத்தில்தான் சாப்பிடுகிறார்கள், கடிகாரம்தான் வேறு ஏதோ சொல்கிறது. இடையில் பசித்தால் காலை பதினொன்றுக்குக் காப்பிக் கடையில் தக்காளி தடவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய தோஸ்தாதா என்கிற வாட்டிய ரொட்டி, மாலை ஆறுக்கு மெரியெந்தா என்று சிற்றுண்டி. ஊரே இப்படித்தான் சாப்பிடுகிறது.

இப்போது அந்த அம்மாளுக்கு வருவோம். செனோரா என்றே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். குளித்தால் கதவைத் தட்டுகிறார். விளக்கை அணைக்கச் சொல்கிறார். துணியைக் கொடியில் காயப்போடச் சொல்கிறார். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தால் முகம் சுளிக்கிறார். மத்தியானம் தூங்குகிறார், அப்போது சத்தம் கூடாது என்கிறார். சகோதரி, இந்த அம்மாளை உங்களுக்குத் தெரியும். எண்பதுகளின் மாம்பலத்தில் உங்கள் மாடிப்போர்ஷனுக்குக் கீழே இருந்த வீட்டுக்கார மாமி இவர்தான். இது உங்களுக்குப் புதிய உலகம் இல்லை. உங்கள் மகளுக்குத்தான் புதிது. நீங்கள் உங்கள் மனதில் ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பிவைத்திருக்கிறீர்கள். அங்கே போய் இறங்கியது ஒரு அமெரிக்கப் பெண். வெந்நீர் தீராது, துணி காயவைக்க மெஷின் இருக்கும், பசித்தால் ஃபிரிட்ஜைத் திறக்கலாம், வீடு முழுக்க ஒரே வெப்பத்தில் இருக்கும் என்று கொலம்பஸில் வளர்ந்த பெண்.

பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இன்னும் பொம்போனாதான், அதாவது பூட்டேன் வாயு சிலிண்டர். ஆரஞ்சு நிறம், உள்ளே 12.5 கிலோ வாயு. நம் ஊர் சிலிண்டரில் 14.2. சமையலுக்கும் குளியல் வெந்நீருக்கும் அது ஒன்றுதான். பதினைந்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் இரண்டு நாள் சமையல் போச்சு என்று செனோரா மனதில் கணக்கு ஓடும். தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்தால் பச்சைத்தண்ணீர்தான். அந்த அனுபவமும் அவளுக்கு வரும், வரட்டும். தண்ணீரும் அப்படித்தான். 1990களின் முதல் பாதியில் அந்தப் பகுதியில் கடும் வறட்சி. செவியாவில் தினமும் பல மணி நேரம் குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். செனோரா அப்போது முப்பதை ஒட்டிய வயதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருப்பார். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் விளக்கலாம். என்னால் முடியாத, உங்களால் முடிகிற காரியம் இதுதான்.

வீடு ஐஸ் மாதிரி இருக்கிறது என்பது உண்மை. செவியாவில் வீடு கட்டுகிறவர்கள் பயப்படுவது கோடைக்கு. ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். தளம் முழுக்க ஓடு அல்லது பளிங்கு, தடித்த சுவர், வெயில் உள்ளே வராத ஜன்னல் அடைப்பு. குளிர்காலத்தில் இதெல்லாம் எதிரி ஆகிவிடும். வெளியே 15 டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். பல வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. அதற்குப் பதில் ஒரு வட்டமேசை, அதன்மேல் தரைவரை தொங்கும் கனத்த துணி, மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர். மேசைக்கு மேசா கமீயா என்று பெயர், ஹீட்டருக்கு பிரசேரோ. ஒரு காலத்தில் கரித்தணல் வைத்தார்கள், இப்போது மின்சாரம். துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பு. ஆக அந்த வீட்டிலேயே சூடான ஒரே இடம் செனோரா உட்கார்ந்திருக்கும் மேசைதான். உங்கள் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குளிருகிறது என்று அழுகிறாள்.

வெறுங்கால் விஷயம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது, மன்னியுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடாதே என்று நீங்கள் சொல்லி வளர்த்தீர்கள். அவளும் ஒழுங்காக வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். அங்கே அதுதான் குற்றம். அழுக்கு என்று அவர் நினைப்பதாக உங்கள் மகள் எடுத்துக்கொண்டிருக்கலாம். செனோராவின் கவலை வேறு: குளிர்ந்த தரையில் வெறுங்கால் வைத்தால் சளி பிடிக்கும், வயிறு கெடும். ஈரத்தலையோடு நிற்காதே என்று நாம் கத்துவதில்லையா, அந்தக் கத்தல். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு ஜோடி வாங்கச் சொல்லுங்கள், இந்தச் சண்டை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சாப்பாட்டில் செனோரா பொய் சொல்லவில்லை, உங்கள் மகளும் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் கார்னே என்றால் பலர் மனதில் வருவது முழுத்துண்டு இறைச்சி. ஹமோன் என்கிற பதப்படுத்திய பன்றித்தொடையை ருசிக்கு நாலு துண்டு போடுவது அவர்களுக்குத் தாளிதம் மாதிரி. டூனா மீன் இல்லாத சாலட் கிடைப்பதே அபூர்வம். வெஹெத்தாரியானா (சைவம்) என்று ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால் போதாது. கார்னே வேண்டாம், ஹமோன் வேண்டாம், சொரீசோ (பன்றித் தொத்திறைச்சி) வேண்டாம், பெஸ்காதோ (மீன்) வேண்டாம், அதூன் (டூனா) வேண்டாம், எலும்பு வேகவைத்த கால்தோவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி செனோராவிடமே கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், என்ன வேண்டாம் என்பதோடு விடக்கூடாது. எது பிடித்திருக்கிறது என்றும் சொன்னால்தான் சமைப்பவருக்கு வழி தெரியும். உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியா, கத்தரிக்காய் குடைமிளகாய் போட்ட பீஸ்தோ, குளிர்ந்த தக்காளிக் கூழான சால்மொரேஹோ (மேலே தூவும் ஹமோன் இல்லாமல்), இதெல்லாம் அவளுக்குப் பொருந்தும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செனோரா உங்கள் மகளை அன்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, அவருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. சாப்பாடு எத்தனை வேளை, துணி துவைப்பது வாரம் எத்தனை முறை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கலாம். எழுதாததைப் பழகித்தான் வாங்க முடியும்.

அடுத்தது பேச்சு. 'மிரட்டுகிற மாதிரி பேசுகிறார்' என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒரு காப்பி கேட்கக்கூட 'எனக்கு ஒன்று கிடைக்குமா, ப்ளீஸ்' என்று சுற்றி வளைக்க வேண்டும். செவியாவில் காப்பிக் கடையில் போய், 'ஒரு காப்பி போடுங்க' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் 'செருப்பைப் போடு', 'சாப்பிடு', 'கதவைச் சாத்து'. நம் வீட்டில் அம்மாவிடம் யாராவது 'தயவுசெய்து சாம்பார் ஊற்றுங்கள், நன்றி' என்று சொல்வோமா? சொன்னால் என்னடா கோபமா என்று கேட்பார்கள். அதே கணக்குதான். ஒவ்வொரு வாய்க்கும் கிராசியாஸ் (நன்றி) சொல்கிற பெண்ணைப் பார்த்தால் செனோராவுக்கும் இவள் ஒட்டமாட்டேன் என்கிறாளே என்று தோன்றியிருக்கும். அந்த ஊர்ப் பெரியவர்கள் 'மி ஆர்மா' என்று அழைப்பதுண்டு. 'என் உயிரே' என்பதன் செவியா உச்சரிப்பு அது. திட்டும்போதும் அதைச் சேர்த்துத்தான் திட்டுவார்கள்.

மொழியும் அவளைத் தடுக்கி விழவைத்திருக்கும். அமெரிக்கப் பள்ளியில் கற்றது பெரும்பாலும் மெக்சிகோ பக்கத்து ஸ்பானிஷ். செவியாக்காரர்கள் அசையின் கடைசியில் வரும் 'ஸ்'ஸை விழுங்கிவிடுவார்கள், நடுவில் வரும் 'த'வையும் விழுங்குவார்கள். பெஸ்காதோ, பெஹ்காவோ ஆகிவிடும். கோயம்புத்தூர்த் தமிழ் மட்டும் கேட்டவரை நாகர்கோவிலில் இறக்கிவிட்ட கதை. ஐந்து வருடம் படித்தும் ஒன்றும் புரியவில்லையே, நான் முட்டாளா என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். காது பழக ஆறேழு வாரம் ஆகும். அதற்குக் கேட்க வேண்டுமே!

நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே எடுத்துப் பேசுகிறேன். உங்கள் மகள் மாநிறமாக இருப்பாள். எந்த ஊர் என்று கேட்டால் அமெரிக்கா என்பாள். கேட்டவர், 'இல்லை, உண்மையில் எங்கே' என்பார். 'இந்தூ' என்றும் சொல்வார்கள். ஸ்பானிஷில் அது மதத்தைத்தான் குறிக்க வேண்டும் என்றில்லை, இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மொரேனா என்றால் கறுத்த முடி, மாநிறம், பாராட்டாகவும் வரும். தெருவில் உற்றுப் பார்ப்பார்கள். இதில் பாதிக்கு மேல் வெறும் வேடிக்கை பார்ப்பது. மீதியில் உண்மையான வெறுப்பும் இருக்கலாம். எல்லாமே கலாச்சாரம், நீதான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் அவளுக்கு உபதேசம் செய்யக்கூடாது. எது வேடிக்கை, எது அவமதிப்பு என்று அவளுக்கே தெரியும். அவள் சொன்னால் நம்புங்கள்.

இதையொட்டி ஒன்றை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செமானா சாந்தா. ஊரே தெருவில் இருக்கும், வகுப்புகளுக்கும் விடுமுறை. அப்போது கூம்பு வடிவத் துணியால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட நூற்றுக்கணக்கானவர்கள் மெழுகுவத்தியோடு வரிசையில் வருவார்கள். அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் கு க்ளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஞாபகம்தான் வரும், அதுவும் மாநிறப் பெண்ணுக்கு வயிற்றைப் பிசையும். நாங்கள் அனுப்பிவைத்த ஒரு கறுப்பினப் பையன் முதல் நாள் தெருமுனையில் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியே போயிருக்கிறான். இவர்கள் நசரேனோக்கள். தவம் செய்பவர் யார் என்று மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக முகத்தை மூடுகிற வழக்கம். கிளான் 1865இல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே உள்ள சமயச் சபைகள். அவர்களுக்குப் பின்னால் பாசோ வரும். கிறிஸ்துவும் மாதாவும் வைத்த பெரிய மேடை. துணியால் மூடிய அடிப்பாகத்துக்குள் நாற்பது பேர்போல நின்று பிடரியில் சுமப்பார்கள், அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னால் நடப்பவர் சுத்தியலால் தட்டினால் தூக்க வேண்டும், இன்னொரு தட்டலில் இறக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கும் பாதந்தாங்கிகளைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். அந்த வியாழன் இரவு யாரும் தூங்குவதில்லை. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நின்றால் நன்றாகத் தெரியும் என்று செனோராவுக்கு அத்துப்படியாக இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் போல் கழித்து ஃபேரியா. 1847இல் மாட்டுச்சந்தையாகத் தொடங்கியது, இப்போது ஆட்டமும் பாட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள் போடுவார்கள், அவற்றில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சொந்தம். தெரிந்தவர் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். மேசையில் உட்கார்ந்து பேசிய மாணவர்களைக் கூட்டிப்போக யாராவது இருப்பார்கள். மற்றவர்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள்.

படிப்பைப் பற்றி ஒன்றுதான். அங்கே மதிப்பெண் பத்துக்கு. ஐந்து வாங்கினால் பாஸ், ஏழு வாங்கினால் 'நோத்தாப்லே', நல்ல மதிப்பெண். எழுபது சதவீதம்தானா என்று நீங்கள் கேட்டுவிடாதீர்கள்.

மது 18 வயதில் சட்டப்படி குடிக்கலாம். நள்ளிரவுக்கு வெளியே கிளம்பி விடியற்காலை திரும்புவதும் அங்கே இளைஞர்களிடம் வழக்கம். நீங்கள் தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் போவாள், அவ்வளவுதான். தனியாகத் திரும்பாதே, கிளாஸை வைத்துவிட்டு நகராதே, அவசரத்துக்கு 112 என்று மூன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். கிளம்பி வா என்று இப்போது சொல்லாதீர்கள். போய் நாலைந்து வாரம் ஆகிறபோது மனம் தாழ்வது எங்கள் தொழிலில் வழக்கமாகப் பார்ப்பதுதான். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு ஏற்றம் என்று 1955இலேயே லிஸ்கார்ட் என்கிற நார்வே ஆய்வாளர் எழுதினார். எல்லாருக்கும் அப்படியே நடப்பதில்லை, சிலர் போன அன்றே சரிந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வாரத்தை வைத்து மே மாதத்தை முடிவு செய்ய வேண்டாம்.

வீடு மாற்ற வேண்டிய நிலைமைகளும் உண்டு. ஒப்பந்தப்படி சாப்பாடு போடவில்லை, அறைக்குப் பூட்டு இல்லை, வீட்டுக்கு வந்துபோகும் யாராவது தொந்தரவு செய்கிறார்கள், நிறத்தையோ மதத்தையோ சொல்லி இழிவாகப் பேசுகிறார்கள் என்றால் அன்றைக்கே அங்கிருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் அவள் போக வேண்டும். வீடு மாற்றுவது அவர்களுக்குப் புதிது இல்லை. அதேபோல, தூக்கமே வரவில்லை, தொடர்ந்து வகுப்புக்குப் போகவில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று இரண்டு வாரம் நீண்டால் மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்கிற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் எனக்குத் தென்படவில்லை. வெந்நீர், செருப்பு, கரண்டி அளவு ஹமோன். இவ்வளவுதான் இருக்கிறது.

ஆகவே மாற்ற வேண்டியது உங்கள் போன் நேரம். உங்கள் ஆபீஸ் மதிய இடைவேளையில் 12 மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே மாலை ஆறு. வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்பேன். உங்களுக்குத்தான் முதலில் கஷ்டமாக இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 5 மணி நேரமாகிவிடும், குழம்பாதீர்கள். என்ன சாப்பிட்டாய், அழுதாயா என்று தொடங்காமல், செனோராவைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவள் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தவக்காலம் வருகிறது, அங்கே கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் செய்வார்கள். செவியாவின் சொந்தச் சமையல், சுத்த சைவம். பூண்டு, எண்ணெயில் பொரித்த ரொட்டி, மிளகாய்த்தூள், சீரகம் எல்லாம் அரைத்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் வினிகர். அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி செனோரா பக்கத்தில் போய் நிற்கட்டும். அவர் சீரகத்தை வறுத்து அரைக்கிறாரா, பச்சையாகவே அரைக்கிறாரா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.